பதினான்காம் தேதி பிறந்தவள்

கரும்பலகையை ஈரத் துணியால் துடைக்கக் கூடாது, ஐயா. பலருக்கு இது தெரிவதில்லை. துடைத்த உடனே பலகை பளிச்சென்று இருக்கும். காய்ந்த பிறகு, நேற்று எழுதியது சாம்பல் நிறத்தில் மெல்ல மேலே வரும். உலர்ந்த துணிதான் சரி. பல வருடப் பழக்கத்தில் சொல்கிறேன்.

என் பெயர் அரங்கநாதன். திண்டிவனத்தில் பேருந்து நிலையத்துக்கு எதிர் வரிசையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறேன். நான் சொல்வதை இப்போது தட்டச்சு செய்கிற இந்தத் தம்பிகூட நம்மிடம் லோயர் முடித்தவர்தான். வேகம் உண்டு. இடது கைச் சுண்டுவிரல் மட்டும் இன்னும் சோம்பல். நான் நிதானமாகவே சொல்கிறேன், அவர் அவசரப்பட வேண்டாம்.

இன்ஸ்டிட்யூட் வாசலில் சாலையைப் பார்த்தபடி ஒரு பலகை இருக்கிறது. 'இந்த நாள்' என்று தலைப்பு. இடப்பக்கம் அந்தத் தேதியில் பிறந்தவர்கள், வலப்பக்கம் அந்தத் தேதியில் நடந்தவை. காலை வகுப்பு தொடங்குமுன் நானே எழுதுவேன். கிளை நூலகத்திலும் பழைய செய்தித்தாள்களிலும் தேடிச் சேர்த்தது. விழுப்புரம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் படிப்பார்கள். எதிர் டீக்கடை மாரியப்பன் மட்டும் கிண்டல் செய்வார். "சார், ஒரு நாளாவது நம்ம ஊர்ப்பக்கம் எவனாவது பொறந்திருக்கானா பாருங்க. அல்லாரும் சீமையிலயே பொறந்துக்கினு இருக்கானுங்க" என்பார். சிரிப்பதற்காகச் சொல்வதுதான். ஆனால் அவர் சொன்னதில் தவறு இல்லை. எங்கள் கிராமத்து ஆள் ஒருவரை அந்த இடப்பக்கத்தில் எழுத எனக்கு வாய்த்ததே இல்லை.

போன டிசம்பர் இருபத்து நான்காம் தேதி, முதலமைச்சர் இறந்த செய்தி வந்து கடைகளையெல்லாம் மூடிக்கொண்டிருந்தபோதும் நான் போய்ப் பலகையை எழுதினேன். பெரியார் மறைந்ததும் அதே தேதி என்பதைப் பலர் அங்கே படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள். "பாத்தியா, ரெண்டு பேரையும் ஒரே நாளு இட்டுக்கினு பூடுச்சி" என்றார் ஒருவர். அவரை நான் திருத்தினேன். நாள் யாரையும் எதுவும் செய்வதில்லை. இரண்டு செய்திகள் ஒரு தேதியில் வந்து விழுகின்றன, அவ்வளவுதான். சகுனம், நட்சத்திரம், ராகுகாலம் எதையும் நம்புகிறவன் இல்லை நான். இதை முதலிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள்.

என்னை யாரும் அழைக்கவில்லை. எங்கள் ஊர் நர்ஸ் லூர்துசெல்வி மீது நடக்கிற விசாரணை என்பதால் நானாக வந்தேன். உங்கள் காகிதத்தில் இப்படி இருக்கிறது: என் தங்கை அம்சவள்ளிக்குச் சென்ற ஏப்ரல் பதின்மூன்றாம் தேதி மாலை குழந்தை பிறந்தது, இரத்தப் போக்கு நிற்கவில்லை, மறுநாள் முற்பகல் அவள் இறந்தாள். அப்படியானால் இரத்தம் போய்க்கொண்டிருந்த ஒருத்தியை இரவு முழுவதும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் வைத்திருந்தது நர்ஸின் குற்றம் என்று நீங்கள் நினைத்தது சரிதான். அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதும் அதற்காகத்தான். அவரும் வாயைத் திறக்கவில்லை. அவர் திறக்க மாட்டார். அதற்கும் காரணம் உண்டு, சொல்கிறேன்.

முதலில் எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எனக்கும் அம்சவள்ளிக்கும் பிறந்த நாள் ஜூன் ஒன்று. வயதில் நான் மிகவும் மூத்தவன், ஆனாலும் தேதி ஒன்றே. பள்ளியில் என்னோடு படித்தவர்களில் பாதிப் பேருக்கு அதே தேதிதான். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆனதாகக் கணக்கு. பள்ளி திறக்கிற மாதத்தில் ஒரு தேதியைத் தலைமையாசிரியர் போட்டுக்கொள்வார். நான் உண்மையில் எப்போது பிறந்தேன் என்று அம்மாவிடம் ஒருமுறை கேட்டேன். "கேப்பை அறுத்துக்கினு இருந்தோம், மழை புடிச்சிக்கிச்சி" என்றாள். எந்த வருடத்து மழை என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்சவள்ளியைப் பற்றி அதுகூடக் கிடைக்கவில்லை. உலகத்தில் யார் யார் எந்த நாளில் பிறந்தார்கள் என்று தினமும் எழுதுகிறவனுக்குத் தன் பிறந்த நாள் தெரியாது என்பது வெளியே சொல்லிக்கொள்கிற விஷயம் இல்லை. நானும் சொல்லிக்கொண்டதில்லை.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவளை வளர்த்தது நான். அப்பாவின் அக்கா அஞ்சம்மாள், எங்கள் அத்தை, கூட இருந்தார். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்சவள்ளி நான் சொன்ன சொல்லைத் தட்டியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னால் நடந்தது புரிவதற்காகச் சொல்கிறேன். எண்பத்தாறு வைகாசியில் அவளைக் கண்டாச்சிபுரத்தில் சக்கரபாணிக்குக் கொடுத்தேன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரம். நல்ல பையன். அவனுடைய தாயார் கோவிந்தம்மாள் கொஞ்சம் வாய்த் துடுக்கு, மனசில் ஒன்றும் இல்லை.

ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவந்துவிடுவது வழக்கம். எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆடியில் கருத்தரித்தால் சித்திரையில் பிறக்கும். தலைப்பிள்ளை சித்திரையில் பிறந்தால் குடும்பம் அழியும் என்று ஒரு பயம். போய் அழைத்துவர வேண்டியவன் அண்ணனாகிய நான். ஆடி பிறந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆன பிறகுதான் போனேன். கோவிந்தம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"என்னா அரங்கநாதா, தங்கச்சிய இட்டுக்கினு போவ இப்பதான் வழி தெரிஞ்சிச்சா? சீர் செய்யணுமேன்னு பயந்துக்கினு பதுங்கிட்டியா?"

"வேலை இருந்துச்சுங்க" என்றேன்.

"ஆமாமா. காந்தி எப்ப பொறந்தாரு, நேரு எப்ப பொறந்தாருன்னு எழுதுற வேலை. ஒரு நாளு எழுதலன்னா அவங்க பொறக்காம பூடுவாங்களா?"

வேலை இருந்தது உண்மைதான். வேலை எப்போதும் இருக்கிறது. நான் அப்போதே மனதில் ஏதாவது வைத்திருந்தேனா என்று நீங்கள் கேட்கலாம். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆடியில் பிரித்து வைப்பது மூடப்பழக்கம். அதை உடைக்க வேண்டும் என்று நினைப்பது குற்றம் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

வயிற்றில் இருப்பது உறுதியானதும் திண்டிவனத்தில் டாக்டரிடம் காட்டினோம். ஏப்ரல் நடுவில் இருக்கும் என்றார். அன்றிலிருந்து கோவிந்தம்மாளுக்குத் தூக்கம் இல்லை. பங்குனிக்குள் பிறந்துவிட வேண்டும் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார். எனக்கும் அன்றிலிருந்து தூக்கம் குறைந்தது.

ஏப்ரல் பதினான்கு என் பலகையில் இடம் போதாமல் போகிற நாள், ஐயா. இடப்பக்கம் அம்பேத்கர். சனிக் கோளின் வளையம் என்ன என்று சொன்ன ஹைகன்ஸ் என்ற விஞ்ஞானியும் அன்று பிறந்தவரே. வலப்பக்கம் லிங்கன் சுடப்பட்டது, டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதியது, பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தது, நமக்குப் பக்கத்திலேயே திருவண்ணாமலையில் ரமணர் மறைந்தது. அன்று சித்திரை ஒன்று வேறு. அதிலும் போன வருடம் வந்தது வெறும் சித்திரை ஒன்று அல்ல. அறுபது வருடச் சுற்று முடிந்து பிரபவ வருடம் மறுபடி தொடங்கியது அன்றுதான். முந்தின நாள் பதின்மூன்றாம் தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாலியன்வாலா பாக். அடைத்த மைதானத்தில் சனங்களைச் சுட்டுத் தள்ளிய நாள். ஒரு குழந்தைக்கு இந்த இரண்டில் எதைக் கொடுப்பீர்கள்?

அம்சவள்ளி தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தபிறகு இதை அவளிடம் சொன்னேன். முறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். சிரித்தாள்.

"அண்ணா, ஒன் போர்டுல எழுதுற மாதிரி ஆளு இந்த வயித்துல இல்ல. இது ஒதைக்கிற ஒதைக்கு லாரி டிரைவராத்தான் வரும். எந்த நாளு வந்தா என்னா, வந்தா சரி."

"பதினாலாம் தேதி வந்தா நல்லா இருக்கும்" என்றேன்.

"எங்க மாமியா பங்குனின்றாங்க, நீ சித்திரைன்ற. நான் என்னா பஸ்ஸா, டைமுக்கு எடுக்கறதுக்கு?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, சரி. ஒனக்காவ பதினாலு. மூஞ்ச தூக்காத" என்றாள்.

இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். அவள் சரி என்றாள்.

பதின்மூன்றாம் தேதி திங்கட்கிழமை. காலையிலேயே இடுப்பு வலி என்றாள். அத்தை சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். பொய் வலியாக இருந்தால் அதில் அடங்கிவிடும். அடங்கவில்லை, கூடியது. எங்கள் ஊரில் அவசரத்துக்கு வண்டி என்றால் தாண்டவராயனின் மெட்டடார் வேன் ஒன்றுதான். மல்லாட்டை மூட்டை ஏற்றுகிற வேன். அதை அழைத்து, கண்டாச்சிபுரம் போய்ச் சக்கரபாணியையும் கோவிந்தம்மாளையும் கூட்டிவரச் சொன்னேன். தலைப்பிரசவம், புருஷன் பக்கத்தில் இருக்க வேண்டியது நியாயம்தானே. அத்தையையும் உடன் அனுப்பினேன்.

"புள்ளத்தாச்சிய உட்டுட்டு நான் எதுக்குடா?" என்று அத்தை தயங்கினார்.

"நீ போய் அழைச்சாத்தான் மரியாத, அத்த. இல்லன்னா அந்தம்மா கோவிச்சிக்கும்" என்றேன்.

தாண்டவராயனைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தம்மா நல்ல நேரம் பார்க்கிறவர், ராத்திரியில் அவசரப்படுத்தாதே, அங்கேயே தங்கி விடிந்ததும் புறப்பட்டு வா என்றேன். "டெலிவரி லேட்டாவுமா சார்?" என்று கேட்டான். "விடிஞ்சிதான் ஆவும்" என்றேன். நான் அன்று யாரிடமும் சொன்ன எந்த வாக்கியத்தையும் நீங்கள் சரிபார்க்கலாம். ஒன்றுகூடப் பொய் இல்லை.

நர்ஸம்மாவை நானே போய் அழைத்துவந்தேன். பிற்பகலில் வந்து பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டே என்னை வெளியே கூப்பிட்டார்.

"அரங்கநாதன் சார், கொழந்த பெருசா கீது. தல எறங்கி வர்றதுக்கு எடம் பத்துமான்னு எனக்கு சந்தேகம். இங்க வெச்சிக்கினு நான் பாக்க மாட்டேன். இருட்டறதுக்குள்ள விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு பூடுங்க. ஜல்தியா வண்டி பாருங்க."

"வண்டி வந்ததும் கிளம்பிடறோம்" என்றேன்.

வண்டி எங்கே போயிருக்கிறது, எப்போது வரும் என்று அவர் கேட்கவில்லை. பக்கத்துக் குடிசைப் பகுதியில் இன்னொரு பிரசவம் அவருக்குக் காத்திருந்தது. உள்ளே போய் அம்சவள்ளியின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, "பயப்படாத கண்ணு, பெரிய ஆஸ்பத்திரில எல்லாம் இருக்குது" என்று சொல்லிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அவர் செய்ய வேண்டியதை அவர் செய்தார். என் சாட்சியத்தில் இதுதான் முக்கியம். குழந்தை அப்போது பிறக்கவில்லை.

எங்கள் வீடு கழனிக்கு நடுவே தனியாக இருக்கிறது. வீட்டில் நானும் அவளும் மட்டும் இருந்தோம்.

இருட்டிய பிறகு வலி நெருங்கி நெருங்கி வந்தது. வண்டி வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இல்லை என்று சொன்னேன். அவள் கவனம் திரும்பட்டும் என்று அந்த நாளில் பிறந்தவர்களைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு, "அவங்கள பெத்தவங்க பேரெல்லாம் போர்டுல எழுதுவியா அண்ணா?" என்றாள். அம்பேத்கரின் தாயார் பீமாபாய் என்று சொன்னேன். ஹைகன்ஸின் தாயார் பெயர் எனக்குத் தெரியவில்லை. நூலகத்தில் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மணி பன்னிரண்டைத் தாண்டியது. ஆங்கிலக் கணக்கில் தேதி மாறிவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் நம் பஞ்சாங்கத்தில் நாள் பிறப்பது சூரிய உதயத்தில். அதற்கு முன் பிறந்தால் கோவிந்தம்மாள் பங்குனி என்பார், நான் ஏப்ரல் பதினான்கு என்பேன். குழந்தைக்கு வாழ்நாள் முழுவதும் இரண்டு பிறந்த நாள் இருக்கும். பிறந்த நாள் ஒன்றுமே தெரியாமல் இருந்த வீட்டில் அது இன்னொரு குழப்பம். இரண்டு கணக்கும் ஒரே நாளைச் சொல்ல வேண்டும், பிறகு யாரும் எதுவும் பேச முடியாது. ஆகவே விடியட்டும் என்று முடிவு செய்தேன். கோடையில் சீக்கிரம் விடிந்துவிடுகிறது.

முக்காதே என்று அவளிடம் சொன்னேன். முயன்று பார்த்தாள். முடிந்தவரை முயன்றாள் என்றே சொல்ல வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் அது அவள் கையில் இல்லை என்று தெரிந்தது. கால்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். சேர்த்து வைக்க அவளுக்குத் தெம்பு இல்லை. அதனால் நான் உதவினேன். முழங்காலுக்கு மேல், அவளுடைய பழைய நூல் புடவை ஒன்றால். முரட்டுத் துணி இல்லை, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது. இறுக்கமாகவும் இல்லை. விரல் நுழைகிற இடம் விட்டிருக்கிறதா என்று நானே பார்த்தேன்.

"அண்ணா, அவுத்து உட்டுருண்ணா" என்றாள்.

"விடிஞ்சிக்கினு வருது பாரு" என்றேன்.

"நீ சொன்னதெல்லாம் கேட்டுக்கினேதான இருந்தேன், சின்னதுலருந்து? இந்த ஒண்ணு, நான் சொல்றத நீ கேளுண்ணா. ஒன் கால்ல வுழறேன்."

அவளால் எழுந்து என் காலில் விழ முடியாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஒரு பேச்சுக்குச் சொன்னது. அவள் தலையைக் கோதிவிட்டேன். அதன்பிறகு அவள் அதிகம் பேசவில்லை. உறங்குகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

கழனிக்கு அப்பால் பனை மரங்கள் தெரிந்தன. வெளிச்சம் வந்ததும் அவிழ்த்துவிட்டேன். புடவையை மடித்து அவள் பெட்டியிலேயே வைத்தேன். அதே நேரத்தில் நர்ஸம்மா தன் வேலையை முடித்துக்கொண்டு அந்த வழியாக வந்தவர், கதவு திறந்திருப்பதைப் பார்த்து உள்ளே வந்தார்.

"என்னா சார் இது. இன்னும் இங்கயா வெச்சிக்கினு கீறீங்க?"

"வண்டி வரல" என்றேன்.

அவர் என்னிடம் பேச்சை வளர்க்கவில்லை. சூரியன் பனைக்கு மேலே வந்தபிறகு குழந்தை அவர் கையில் பிறந்தது. பெண். நிறம் சரியில்லை, அழவும் இல்லை. தலைகீழாகப் பிடித்துத் தட்டினார், வாயால் உறிஞ்சித் துப்பினார். கடைசியில் அழுதது. நான் என் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். இரண்டு கணக்கிலும் சரியாக இருந்தது.

அம்சவள்ளியைத் துடைக்கும்போது நர்ஸம்மா அவள் தொடையில் இருந்த தடத்தைப் பார்த்தார். "இது என்னா?" என்றார். இரண்டாவது முறை கேட்க அவருக்கு நேரம் இல்லை, இரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. "ஓடுங்க சார். எதுனா வண்டி, எதுவா இருந்தாலும் சரி, இட்டுக்கினு வாங்க" என்று கத்தினார்.

சைக்கிளில் நெடுஞ்சாலைக்கு வந்தேன். சென்னைப் பக்கமும் விழுப்புரம் பக்கமும் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கையைக் காட்டினால் நிறுத்தியிருப்பார்களா என்று என்னால் சொல்ல முடியாது. காட்டிப் பார்க்கவில்லை. டாக்சி திண்டிவனத்தில் கிடைக்கும் என்று தெரியும், அதனால் திண்டிவனம் போனேன். டாக்சி நிற்கிற இடத்துக்குப் போகிற வழியில்தான் இன்ஸ்டிட்யூட்.

பலகையை எழுதினேன். அதிக நேரம் ஆகவில்லை, மனப்பாடமாக இருந்ததுதான். இடப்பக்கத்தில் கடைசியாக, '1987: நமது வட்டாரத்தில் ஒரு பெண் குழந்தை' என்று சேர்த்தேன். பெயர் இன்னும் வைக்கவில்லை அல்லவா. மாரியப்பன் டீ ஆற்றிக்கொண்டே படித்துவிட்டு, "அப்படிப் போடுங்க சார். நம்மூரு ஆளு வந்துட்டாங்களா" என்றார். ஒரு டீ கொடுத்தார். குடித்தேன். இதை நான் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் குழந்தை பதினான்காம் தேதி காலையில்தான் பிறந்தது என்பதற்கு அந்த வரிதான் ஆதாரம். அன்று காலை விழுப்புரம் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எத்தனையோ பேர் படித்திருப்பார்கள். மாரியப்பனைக் கூப்பிட்டு நீங்கள் விசாரிக்கலாம்.

டாக்சியோடு நான் திரும்பியபோது மெட்டடாரும் வந்துவிட்டிருந்தது. அம்சவள்ளியை அதில் ஏற்றியிருந்தார்கள், சக்கரபாணி மடியில் தலை வைத்து. விக்கிரவாண்டியைத் தாண்டியதும் இறந்துபோனாள். கண் மூடுமுன் அவள் ஏதாவது சொன்னாளா என்று சக்கரபாணியிடம் கேட்டேன். வண்டி வந்திடுச்சா என்று கேட்டாளாம். வண்டிக்குள்தான் இருக்கிறோம் என்று அவன் சொன்னானாம்.

இனி நர்ஸம்மா விஷயம். அன்று மாலை கோவிந்தம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"தாயி, பொட்டப் புள்ள. ஆத்தாள முழுங்கிட்டு வந்ததுன்னு இப்பவே ஊரு பேச ஆரம்பிச்சிடுச்சி. இதுல சித்திரைன்னு வேற எழுதிட்டீன்னா நாளைக்கு எவன் கட்டுவான்? நேத்து சாயங்காலம்னு போட்டுடு தாயி. பங்குனில பொறந்ததா இருக்கட்டும். ஒனக்குப் புண்ணியமா போவும்."

நர்ஸம்மா வெகு நேரம் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்படியே எழுதிவிட்டார். அவருடைய மதத்தில் சித்திரை பங்குனி எல்லாம் இல்லை. பாவம் பார்த்து எழுதினார். அந்த ஒரு தேதிதான் இன்று அவரைப் பிடித்திருக்கிறது. உண்மையைச் சொன்னால் அந்தப் பெண் சித்திரையில் பிறந்தவள் ஆகிவிடுவாள் என்று பேசாமல் இருக்கிறார். தொடையில் பார்த்த தடத்தைப் பற்றி அவர் ஏன் எதுவும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பதின்மூன்றாம் தேதி மாலையே பிறந்துவிட்டது என்று எழுதிய பிறகு, அந்த இரவு என்று ஒன்று காகிதத்தில் கிடையாது. இல்லாத இரவைப் பற்றி அவர் என்ன எழுத முடியும்? அதற்குப் பிறகு ஒருமுறை வழியில் என்னைப் பார்த்தபோது சைக்கிளை விட்டு இறங்கி நின்றார். "நீங்க தூங்குறீங்களா சார்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

தூங்குகிறேன். விடியுமுன் விழித்துக்கொள்கிறேன், அவ்வளவே. இன்ஸ்டிட்யூட்டில் சில சமயம் எல்லா மிஷின்களும் ஒரே நொடியில் நின்றுவிடும். ஆளுக்கு ஒரு வரியைத் தட்டி முடிக்கும்போது தற்செயலாக அப்படி அமையும். அந்த அமைதியில் பக்கத்து அறையிலிருந்து, அவுத்து உட்டுருண்ணா என்று கேட்கும். பக்கத்து அறையில் ரிப்பன் டப்பாக்கள்தான் இருக்கின்றன, போய்ப் பார்த்தேன். பலகையை உலர்ந்த துணியால்தான் துடைக்கிறேன். ஆனாலும் சில காலைகளில் நான் எழுதுமுன்பே இடப்பக்கத்தில் கீழே ஒரு வரி மங்கலாகத் தெரிகிறது. சுண்ணாம்புக் கட்டியின் தரம் குறைந்துவிட்டது. வேறு கடையில் வாங்கிப் பார்க்க வேண்டும்.

போன மாதம் கண்டாச்சிபுரம் போயிருந்தேன். குழந்தை தவழ்கிறாள். சக்கரபாணி என்னை உட்காரச் சொல்லிக் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்தான். அவனுக்கு எதுவும் தெரியாது. "மாமா மாதிரியே மூக்கு பாருங்க" என்றான். வருகிற ஏப்ரல் பதினான்காம் தேதி ஒரு வயது ஆகிறதே, என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். கோவிந்தம்மாள் முறத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பதினாலா? எம் பேத்தி பங்குனில பொறந்தவ. சர்க்காரே எழுதிக் குடுத்திருக்குது. இனிமே அந்தப் பேச்ச இந்த வாசல்ல எடுக்காத அரங்கநாதா."

பஸ் ஏறி வரும் வழியெல்லாம் யோசித்தேன். ஒரு நிரபராதி வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். இத்தனை மாதம் நான் பேசாமல் இருந்தது தவறு என்று அப்போதுதான் உறைத்தது. மறுநாளே உங்களுக்கு எழுதிப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

நர்ஸம்மாவை விட்டுவிடுங்கள், ஐயா. வேனை அனுப்பியது நான். அத்தையை அனுப்பியது நான். கட்டியது நான், வழியில் நின்றதும் நான். நேரத்துக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாள் என்று உங்கள் டாக்டர்கள் சொல்வார்கள். நான் அதை மறுக்கவில்லை. எந்தச் சட்டப் பிரிவில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். தம்பி ஏழாவது வரியில் ஓர் எழுத்தை விட்டிருக்கிறார், அதையும் சரிசெய்துவிடட்டும். ஆனால் குழந்தை பிறந்த தேதியை மட்டும் இன்றே பதினான்கு என்று திருத்திக் கொடுத்துவிடுங்கள். அம்சவள்ளி அதற்குச் சம்மதித்துத்தான் விடியும்வரை பொறுத்துக்கொண்டிருந்தாள்.